அப்பாவின் ஸ்ப்ளெண்டர் உங்கள் கைக்கு வந்தால்: பழைய பைக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு தொடக்கப் பாடம்

போன கோடையில் கீரனூர் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டில் என் வண்டி நின்றுபோனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது இழுவை குறைந்து, இரண்டு முறை இருமி, அடங்கிவிட்டது. புளியமரத்தடியில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டுக் கிக்கரை உதைத்தேன், ஸ்டார்ட் ஆனது. ஆறேழு கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. கோளாறு அங்கேதான்.

டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதைப் புழுதி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வராததால், பெட்ரோல் கீழே இறங்காமல் நின்றுவிட்டது. ஊக்கு முனையால் குத்திவிட்டேன். அதன்பிறகு இன்றுவரை அப்படி நின்றதில்லை. முந்தின வாரம்தான் இதே தொல்லைக்காக ஒரு பட்டறையில் சி.டி.ஐ. யூனிட்டையே (பிளக்குக்குப் பொறி அனுப்பும் மின்னணுப் பெட்டி) மாற்றிப் பணம் வாங்கியிருந்தார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். எதையும் சோதிக்காமல் பாகத்தை மாற்றிவிடுகிறோம். வரிசையாகப் பார்க்கப் பழகினால், பாதிக் கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். இங்கே நான் எடுத்துக்கொள்வது கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். 1994-ல் வந்த வண்டி, 97.2 சி.சி. எஞ்சின். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒன்று இருந்தது, இன்றும் பல வீடுகளில் நிற்கிறது. உங்களிடம் இருப்பது வேறு வண்டி என்றாலும் முறை ஒன்றுதான், அளவுகள் மட்டும் மாறும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

எஞ்சின் ஓட பெட்ரோல், பொறி, காற்று மூன்றும் வேண்டும். இதே வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். இரண்டை ஒன்றாகச் சரிசெய்தால், எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

முதலில் பெட்ரோல். டேங்குக்கு அடியில் இருக்கும் டேப் ஆனில் இருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா பாருங்கள். ரிசர்வுக்குத் திருப்பியதும் வண்டி எடுத்தால் பங்க்குக்குப் போங்கள், வேறொன்றும் இல்லை. டேப் திறந்திருந்தும் எடுக்கவில்லை என்றால், கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கீழே ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்து ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். பெட்ரோல் வரவே இல்லையென்றால் அடைப்பு மேலே: டேங்க் மூடி, டேப், குழாய் இவற்றில் ஒன்று. வந்தால் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டு நிற்பது தண்ணீர். செம்மண் நிறத்தில் படிவது டேங்கின் துரு. மழைக்காலத்திலும் வாட்டர் வாஷ் செய்த மறுநாளும் நான் முதலில் பார்ப்பது இந்தக் குவளையைத்தான். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

அடுத்து பொறி. எஞ்சினுக்குள் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, டூல் கிட்டில் இருக்கும் பிளக் ஸ்பேனரால் பிளக்கை எடுங்கள். அதைத் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சின் தலையில் நன்றாக ஒட்டியிருக்கும்படி வைத்து, சாவியைப் போட்டுக் கிக்கரை உதையுங்கள். நல்ல நீலநிறப் பொறி 'டக்' என்று தாவ வேண்டும். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். பிளக் துவாரத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், அதன் வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சும். குவளையில் பிடித்த பெட்ரோலையும் முதலில் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

பொறி இல்லையென்றால் உடனே பெரிய பாகத்தில் கை வைக்க வேண்டாம். முதலில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். பிறகு தொப்பியை வயரிலிருந்து கழற்றி, வயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். கில் சுவிட்ச் (ஹேண்டில்பாரில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) இருக்கும் மாடல் என்றால் அதையும் பாருங்கள். இவ்வளவும் பார்த்தபின்தான் காயில், சி.டி.ஐ. என்ற பேச்சு வர வேண்டும்.

கடைசியில் காற்று. ஏர் ஃபில்டர் ஃபோம் வகை என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, காய்ந்ததும் சில சொட்டு ஆயில் தடவிப் போடலாம். காகித வகை என்றால் புதிதாக மாற்றுவதே நல்லது.

ஒருவேளை உதைத்து உதைத்துப் பெட்ரோல் வாடை தூக்கினால், எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சோக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) எடுத்துவிட்டு, சாவியை ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியபடி ஏழெட்டு முறை உதையுங்கள். பிறகு சாவியைப் போட்டு முயலுங்கள்.

பிளக் முனை சொல்லும் சேதி

கழற்றிய பிளக்கைத் துடைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். என்னைக் கேட்டால், புதிதாக வண்டி ஓட்டுபவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான். வெள்ளைப் பீங்கான் பகுதி காபித்தூள் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சோக்கைப் போட்டபடி ஓட்டினாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இதை அலட்சியம் செய்யாதீர்கள், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிசுபிசுவென்று கருப்பு எண்ணெய் ஒட்டியிருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அப்போது சைலன்சரில் நீலப் புகையும் வரும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோ, வால்வில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலோ தேய்ந்திருக்கிறது, அது பட்டறை வேலை.

ஆயில் மாற்றுவது

தொடக்கக்காரர் துணிந்து செய்யக்கூடிய முதல் வேலை இது. வண்டியை ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால்தான் அடிவண்டலோடு இறங்கும். அடியில் பழைய சட்டியை வைத்து வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள், மேலே ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்துவிடுங்கள். வடிகிற ஆயிலில் கொஞ்சம் விரலில் தொட்டுத் தேயுங்கள். கருப்பாக இருப்பது இயல்பு. மணல்போல நெருடினாலோ, வெயிலில் மினுமினுப்பு தெரிந்தாலோ உலோகத்தூள் கலந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

போல்ட்டை மாட்டும்போது வாஷரை மறக்காதீர்கள். முதலில் கையால் முழுக்கத் திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், வேகத்தில் இறுக்கினால் மரை போய்விடும். பிறகு அந்த ஒரு மரைக்காக ஆயிரக்கணக்கில் செலவாகும். 10டபிள்யூ-30 ஆயில் வாங்குங்கள், பாட்டிலில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற பைக் ஆயிலுக்கான தர முத்திரை இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். 900 மில்லி பாட்டிலில் முக்கால் பங்கை ஊற்றிவிட்டுக் குச்சியால் அளவு பாருங்கள். குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்ட விடாதீர்கள். என் வண்டிக்கு ஆயில் மாற்ற நான் 3,000 கிலோமீட்டர் தாண்ட விடுவதில்லை.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

செயின், பிரேக், டயர்

செயின் கவரில் ரப்பர் மூடி போட்ட ஒரு பார்வைத் துளை இருக்கும். அதன் வழியாகச் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 20 முதல் 30 மி.மீ. வரை ஆடலாம். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தேய்ந்திருக்காது. எஞ்சினை ஓடவிட்டுச் செயினில் கை வைக்கவோ துணியால் துடைக்கவோ கூடாது. விரல் போனவர்கள் இருக்கிறார்கள். இறுக்க வேண்டுமானால் பின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சரிசமமாகத் திருப்புங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் கோடுகள் இருக்கும். இடமும் வலமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் சக்கரம் கோணிவிடும். செயினை இறுக்கியதும் பின் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

டிரம் பிரேக்கில் லைனிங் தேய்ந்ததை உள்ளே திறக்காமலே பார்க்கலாம். பிரேக் ஆர்ம் அருகில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அது தகட்டில் உள்ள குறியைத் தொட்டால், பிரேக் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

டயரில் காற்று முன்னால் 25, பின்னால் தனி ஆளுக்கு 28, பின்னால் ஒருவர் ஏறினால் 41 பி.எஸ்.ஐ. டயரின் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த டயரில் விரிசலும் விழுந்திருந்தால் மழையில் உங்களைக் காப்பாற்றாது. பழைய வண்டியில் முதல் செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டயரும் பிரேக் ஷூவும்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

கிளட்ச் பற்றி ஒன்று. எஞ்சின் அலறுகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் உடனே கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலும் இதே தொல்லை வரும், அதைச் சரிசெய்யச் செலவே இல்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது

வால்வு, டைமிங் செயின், ரிங் வேலைகளை அனுபவப்பட்டவரிடம் விடுங்கள். எஞ்சினுக்குள் சுழன்று அழுக்கைப் பிரிக்கும் ஆயில் ஃபில்டர் ஒன்றும் இந்த வண்டியில் உண்டு. வருஷக்கணக்கில் யாரும் திறந்திருக்க மாட்டார்கள், முதல் சர்வீஸிலேயே அதைக் கேட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். "ஏதோ பிரச்சினை, பாருங்கண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "காலையில் நல்லா எடுக்குதுண்ணே, பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் நிக்குது, ஆறினா மறுபடி எடுக்குது, பிளக்கும் பெட்ரோலும் பார்த்துட்டேன்" என்று சொல்லுங்கள். கூடவே, மாற்றுகிற பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.