ஜாங்கோ: டிசி போடாத லாட்டும் 'ரிலேட்டட்ஆப்ஜெக்ட்டஸ்நாட்எக்ஸிஸ்ட்' எரரும்

திருப்பூரில் எங்க மாமாவோட பனியன் கம்பெனிக்கு, சாயப்பட்டறைக்குப் போற துணிக்கணக்கை வைக்க ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவுற ஃபிரேம்வொர்க்) ஒரு ஆப் எழுதினேனுங்க. லாட் (ஒரு தொகுதித் துணி) ஒரு மாடல், டிசி (துணியோட அனுப்புற டெலிவரி சலான்) ஒரு மாடல்; மாடல்னா டேட்டாபேஸில் ஒரு டேபிள் மாதிரி. ஒரு லாட்டுக்கு ஒரே டிசிதான்னு நினைச்சு, டிசி மாடலில் லாட்டுக்கு ஒன்டுஒன்ஃபீல்டு போட்டேன். ரிலேட்டட் நேம், அதாவது லாட்டில் இருந்து டிசியைக் கூப்பிடுற பேர், 'டிசி'.

திரையில் எல்லாமே சரியா வந்துச்சு. மாசக் கடைசியில் எக்ஸெல் ரிப்போர்ட் எடுத்தப்பதான் தலைப்பில் இருக்கிற எரர். நிட்டிங் முடிஞ்சு, டையிங்குக்கு இன்னும் அனுப்பாத லாட்டுக்கு டிசியே கிடையாதுங்களே. டெம்ப்ளேட் இந்த எரரை விழுங்கிட்டு வெத்திடமா காட்டும். பைத்தான் கோடில் அப்படியே வெடிக்கும்.

முதலில், 'லாட்.டிசி'ன்னு கூப்பிடுற வரியை மட்டும் ட்ரைக்குள்ள வைங்க. முழு லூப்பையும் வைக்க வேண்டாம்.

அடுத்து, ட்ரைக்குள்ள வர்ற எரரைப் பிடிக்கிற எக்ஸெப்ட். ஒரு சாயங்காலமே எனக்குப் போனது இங்கதான். லாட்டில் இருந்துதானே தேடுறோம்னு 'லாட்.டஸ்நாட்எக்ஸிஸ்ட்' எழுதியிருந்தேன், பிடிக்கவே இல்லை. லாட் இருக்குது, இல்லாதது டிசி. அதனால, லாட் மாடலோட பேரை எழுதாம, டிசி மாடலோட பேரை வெச்சு 'டிசி.டஸ்நாட்எக்ஸிஸ்ட்'னு எழுதணும். இல்லாதது எந்த மாடலோ, எரர் அந்த மாடலோடது.

அந்த எக்ஸெப்டுக்குள்ள 'அனுப்பவில்லை'ன்னு போட்டு அடுத்த லாட்டுக்குப் போங்க.

இந்த எரர் அட்ரிப்யூட்எரர் வகையிலும் சேரும். அதனால, அந்தப் பேரில் அட்ரிப்யூட் இருக்கான்னு பார்க்கிற ஹேஸ்அட்டர் போட்டாலும் வேலை ஆகும். நிறையப் பேர் அதைத்தான் சொல்லித் தராங்க. நான் போடமாட்டேனுங்க. 'டிசி'யை 'டீசி'ன்னு தப்பா அடிச்சாலும் அது இல்லைன்னுதான் சொல்லும், அனுப்பின லாட்டெல்லாம் அனுப்பாததா ரிப்போர்ட்டில் வந்து நிக்கும். பட்டறைக்காரர்கிட்ட அந்தக் கணக்கோட எப்படிப் போய்ப் பேசுறது?

சேர்ப்பு: ரிப்போர்ட் மெதுவா வருதுன்னு ஒருத்தர் கமெண்டில் கேட்டிருந்தாருங்க. 300 லாட்டுன்னா, லாட் லிஸ்டுக்கு ஒண்ணு, ஒவ்வொரு லாட்டோட டிசிக்கும் ஒண்ணுன்னு டேட்டாபேஸுக்கு 301 கொரி போகுது. 'செலக்ட்_ரிலேட்டட்' சேருங்க, ஒரே கொரியில் முடியும். டிசி இல்லாத லாட்டுக்கு எரர் அப்பவும் வரும், எக்ஸெப்டை எடுத்துடாதீங்க.

இன்னொரு சேர்ப்பு: ஷேடு சரியில்லாம துணி ரீடையிங்குக்குப் போனா ரெண்டாவது டிசி வேணும். அதுக்காக நான், ஒரு லாட்டுக்குப் பல டிசி விடுற ஃபாரின்கீக்கு மாத்தினதும் எரர் நின்னுபோச்சு, ஆனா சரியாகலை. இப்ப 'லாட்.டிசி' ஒரு டிசி இல்லை, அந்த லாட்டோட டிசிகளை எடுத்துத் தர்ற ஒரு மேனேஜர். டிசி ஒண்ணுமே இல்லாட்டியும் 'இஃப்'பில் உண்மைன்னே வரும். 'லாட்.டிசி.ஃபர்ஸ்ட்' போட்டு, அது 'நன்' (பைத்தானில் 'ஒண்ணுமில்லை')-ஆ இருக்கான்னு பாருங்க.