மைக் முன்னால் பதறாமல் இருக்க

வர்ணனை அறைக்குள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். ஏ4 தாள் ஒன்று போதும். இடது பாதியில் ஒரு அணி, வலது பாதியில் மற்றது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே குறிப்பு. நாலு பக்கம் எழுதி வந்தால், தேடி எடுப்பதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். வெளியூர் வீரரின் பெயரை அவர் அணிக்காரர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ழ, ள தடுமாறுகிறவர்கள் ‘சுழல்’, ‘களம்’, ‘விளாசல்’ மூன்றையும் மெதுவாகப் பத்து முறை சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.

ஏசியில் தொண்டை காயும். வெதுவெதுப்பான தண்ணீர், ஓவருக்கு ஒரு மடக்கு. பால் காபி வாயைப் பிசுபிசுக்க வைக்கும், இடைவேளைக்கு வையுங்கள் (சென்னைக்காரர்களுக்கு இது கஷ்டம்தான்). ஹெட்செட் மைக் உதட்டுக்கு நேரே இருந்தால் ‘ப’ வரும்போதெல்லாம் வெடிக்கும். வாயோரமாக, இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஷாமியானாவுக்குக் கீழே லீக் ஆட்டம் ஒளிபரப்புகிறவர்களுக்குக் கடல்காற்றுதான் எதிரி. சென்னை ரிச்சி தெருவில் மைக்குக்குப் போடும் பஞ்சு உறை கிடைக்கும், கூடுதலாக ஒன்று பையில் இருக்கட்டும்.

வானொலிக்கு ஒரு வரிசை உண்டு. பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும்போது ஃபீல்டிங், ஓடி வரும்போது அவர் மட்டும், பந்து விழுந்ததும் நடந்தது, பந்து நின்றதும் ஸ்கோர். ஸ்கோரை ஓவருக்கு இரண்டு தடவையாவது சொல்லுங்கள். அந்த நொடியில் ரேடியோவைத் திருகிய ஆட்டோக்காரருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவரை மனதில் வைத்துப் பேசினால் குரல் தானாக இறங்கும். சேப்பாக்கத்தில் பட்டாபிராமன் கேட் முனையிலிருந்து ஸ்பின்னர் வந்துவிட்டால், பந்துக்கும் பந்துக்கும் இடையில் மூச்சுவிடத்தான் நேரம். பழைய கதையை எடுக்காதீர்கள், பாதியில் விக்கெட் விழும். டிவியில் ‘சிக்ஸர்!’ என்றதும் நாலைந்து விநாடி வாயை மூடுங்கள். கூட்டத்தின் சத்தம் மீதியைச் சொல்லும்.

கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி. முதல் நொடியிலேயே கத்தினால் போனஸ் கோட்டைத் தொடும்போது கத்த எதுவும் மிஞ்சாது. யார் போகிறார், எதிரே எத்தனை பேர் என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்றால் சூப்பர் டேக்கிள் (ரெய்டரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி) வாய்ப்பு என்பதை ரெய்டுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

புதியவரைப் பழக்குவது தனி வேலை. அவரை முதலிலேயே கடைசி ஓவர்களில் உட்கார வைப்பது கொடுமை. இருபது ஓவர் ஆட்டத்தில் 7 முதல் 15 வரை, இரண்டிரண்டு ஓவராகக் கொடுங்கள். ஸ்கோரை நீங்களே வைத்துக்கொண்டு பந்தை மட்டும் அவரிடம் விடுங்கள். ஏறக்குறைய எல்லோரும் சறுக்கும் இடம் காதில் கேட்கும் தயாரிப்பாளர் குரல். “விளம்பரத்துக்குப் பத்து விநாடி” என்று அவர் சொல்ல, பையன் நேரலையில் “சரி சார்” என்றுவிடுவான். இதற்கு மருந்து: ஒரு காதில் வானொலிச் செய்தியை மெல்ல ஓடவிட்டு, ஒலியை அடைத்த ஒரு பழைய ஆட்டத்துக்கு வர்ணனை சொல்வது. தினம் பத்து நிமிடம், இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

புதியவர் பேசும்போது முகம் சுளிக்காதீர்கள், கண்ணாடியில் தெரியும். ஆட்டத்தன்று ஒரே ஒரு திருத்தம், அதுவும் மைக் அணைந்த பிறகு. மறுநாள் இரண்டு ஓவர் பதிவை மட்டும் போடுங்கள். ‘வந்து’, ‘பார்த்தீங்கன்னா’ எத்தனை என்று அவரே எண்ணட்டும். பிறகு தாளில் ஒரு நீள்வட்டம் வரைந்து கொடுத்து, திரையைப் பார்க்காமல் பதிவைக் கேட்டு, ஒவ்வொரு பந்தும் போன இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பென்சில் எந்தப் பந்தில் நிற்கிறதோ, அந்தப் பந்தை அவர் சொல்லவில்லை.