பெரிய சிலைகள் பார்க்க ஒரு நாள்: மட்டக்களப்பிலிருந்து வெல்லவாய வரை, பிள்ளைகளோடும் மாமியோடும்

கனடாவில் இருக்கும் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒன்ராறியோவில் சட்பரி என்று ஒரு சுரங்க ஊர். அங்கே 9 மீற்றர் உயரத்தில் ஒரு ஐந்து சதக் காசு நிற்கிறது. 1951ஆம் ஆண்டு நாணயத்தின் பிரதி, 1964இல் வைத்தார்களாம். அக்காவின் பிள்ளைகள் அதன் கீழே நுளம்பு மாதிரித் தெரிந்தார்கள். என் மகன் பார்த்துவிட்டு, "நம்மட பக்கம் இப்படிப் பெரிசா ஒண்டும் இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எங்களை இரண்டு முறை வெல்லவாய வரை இழுத்துப் போனது. முதல் முறை சொதப்பல். கீழே இருப்பது இரண்டாம் முறை செய்தது.

முதலில் வாகனம். ஆறு பேர் என்றால் வான்தான், யோசிக்கவே வேண்டாம். காரில் நெருங்கிக்கொண்டு போனால் அம்பாறை தாண்டுவதற்குள் பின்சீற்றில் சண்டை தொடங்கிவிடும். சாப்பாடு, தண்ணீர், மாற்று உடுப்பு எல்லாம் வழக்கம்போல.

படி 1: தூரமான இடத்தை முதலில் பாருங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை காலை எட்டு மணிக்குக் கல்லடியில் வெளிக்கிட்டு, வழியில் கண்ட இடமெல்லாம் இறங்கி, வெல்லவாயவுக்குப் பக்கத்தில் பாறைச் சிலைகள் இருக்கும் புதுருவகலவில் கால் வைக்கும்போது பகல் ஒரு மணி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சிலைக்குப் பக்கத்தில் போகலாம். நிலம் அடுப்புத் தட்டு மாதிரிச் சுட்டது. மாமி நாலு அடி வைத்துப் பார்த்துவிட்டு வானுக்கே திரும்பிவிட்டார். மகள் என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அதோடு விட்டதா? திரும்பி வரும்போது சியம்பலாண்டுவவுக்கும் அம்பாறைக்கும் நடுவே இருட்டிவிட்டது. தனியன் யானை ஒன்று வீதியோரம் நின்றது. வான் ஓட்டிய தம்பி விளக்கைத் தணித்துவிட்டு, "ஒருத்தரும் கதைக்காதீங்க" என்றார். அது காட்டுக்குள் போகும் வரை முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். மாமி மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தது அப்போதுதான்.

ஆகவே விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படுங்கள். கல்முனை தாண்டி, காரைதீவுச் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறை. அங்கே பிளேன்டீ குடித்து, நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் மேலே போக வேண்டும். பிறகு சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய. எல்லாமாகக் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர்.

(பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு: கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி வெல்லவாய, பொத்துவில் வழியாக வந்து மட்டக்களப்பில்தான் முடிகிறது. காரைதீவில் திரும்பிய பிறகு ஏ4 கிலோமீற்றர் கல்லை முதலில் காண்பவருக்கு ஒரு டொபி. அம்பாறைக் குறுக்குப் பாதையில் ஏ4 இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். சியம்பலாண்டுவ வரை அமைதியாகத் தேடுவார்கள்.)

படி 2: வழியை ஒரு தாளில் எழுதுங்கள்

தொலைபேசி வரைபடத்தை நான் பாதிதான் நம்புவேன். புத்தல தாண்டி அது காட்டிய குறுக்கு வழி எங்களைக் கரும்புத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. வானைத் திருப்ப இடமில்லை, சிக்னலும் இல்லை. இப்போது ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிடுகிறோம். சந்தியில் நிற்பவரிடம் தாளைக் காட்டி "கொஹேத?" (எங்கே?) என்றால் போதும், கையாலேயே வழி காட்டிவிடுவார்கள். புதுருவகலவுக்கு வெல்லவாயவிலிருந்து தனமல்வில வீதியில் சில கிலோமீற்றர் போய், உள்ளே திரும்ப வேண்டும்.

படி 3: புதுருவகல

ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் 51 அடி. இலங்கையில் பாறையில் செதுக்கிய நிற்கும் புத்தர் சிலைகளில் இதுதான் உயரம். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையானது, பௌத்தத்தின் மகாயானப் பிரிவைச் சேர்ந்தது. பக்கத்தில் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரும் (புத்தராகும் பாதையில் இருப்பவர்), தாரை என்ற பெண் தெய்வமும் இருக்கிறார்கள். பாறையில் இன்னும் கொஞ்சம் சுதையும் நிறமும் ஒட்டியிருக்கின்றன, உற்றுப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு. புத்தரின் காலடிப் பக்கம் விளக்குச் சுடர் வடிவில் ஒரு குழி. உள்ளே கடுகெண்ணெய் வாசம் வரும் என்பார்கள். மகன் மூக்கை நீட்டி மணந்துவிட்டு, "அம்மா, ஊறுகாய்!" என்றான்.

காலுறை கொண்டுபோங்கள், புதிதாக வாங்கத் தேவையில்லை. மாமி என் கணவருடைய பழைய கறுப்புக் காலுறையைச் சாறிக்குக் கீழே மாட்டிக்கொண்டு மகாராணி மாதிரி நடந்தார். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, தலையில் தொப்பி இல்லை. இவை தெரிந்ததுதானே.

படி 4: படம் எடுப்பது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய பொருளைத் தனியாகப் படம் எடுத்தால் அது பெரிதாகவே தெரியாது. முதல் தடவை நான் எடுத்த முப்பது படத்தையும் பார்த்த அக்கா, "சின்னச் சிலையா?" என்று கேட்டார். அளவு தெரிய ஒரு ஆள் வேண்டும். சட்பரிக் காசென்றால் அதற்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை. 2012இல் சிலைக்கு முத்தம் கொடுப்பது போல நின்று படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. செல்ஃபி என்றாலே முதுகு காட்டுவதுதான், ஆகவே செல்ஃபி வேண்டாம். தடியை வானிலேயே விட்டுவிடுங்கள்.

நான் செய்வது இது. பிள்ளைகளைச் சிலையைப் பார்த்தபடி கும்பிட்டுக்கொண்டு நிற்கச் சொல்வேன். நான் அவர்களுக்குப் பின்னால், முடிந்த அளவு தள்ளிப் போய், குந்தியிருந்து எடுப்பேன். சிலையின் தலை சட்டத்துக்குள் வரும்வரை பின்னால் நகர வேண்டும். கிட்டத்தில் நின்று தொலைபேசியை அண்ணாந்து பிடித்தால் சிலை கூம்பு மாதிரிச் சரிந்து வரும். பிள்ளைகளின் முதுகுதான் விழும், முகம் விழாது. பரவாயில்லை. மகளின் இரட்டைப் பின்னலும் அதற்கு மேலே 51 அடிப் பாறையும், இவ்வளவு எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

படி 5: மாளிகாவில, பிறகு அம்பாறை

திரும்பும்போது புத்தலவிலிருந்து ஒக்கம்பிட்டிய வழியாக மாளிகாவில. மர நிழலில் நடக்கும் இடம், வெயில் ஏறிய பிறகும் தாங்கும். சுண்ணக்கல்லில் செதுக்கிய நிற்கும் புத்தர், 11 மீற்றர் அளவு. உடைந்து காட்டுக்குள் விழுந்து கிடந்ததை 1991இல் நிமிர்த்தி நிறுத்தினார்கள். பக்கத்தில் தம்பேகொட போதிசத்துவர். புதையல் தேடியவர்கள் உடைத்த சிலை, அதையும் துண்டு துண்டாகச் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒட்டுத் தெரியும் கோடுகளை எண்ணினார்கள், நாங்கள் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம்.

மூன்று மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அம்பாறையில் இங்கினியாகல வீதியில் ஜப்பானியர் கட்டிய வெள்ளைத் தாதுகோபம் இருக்கிறது. மாலையில் அந்தப் பக்கமாக யானைகள் கடந்து போகும். யானையை இப்படித்தான் பார்க்க வேண்டும், இருட்டில் வானுக்கு முன்னால் அல்ல.

பிறகு சேர்த்தது: ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கச்சி போயா (பௌர்ணமி) தினத்தில் போய்விட்டு, படம் எடுக்க இடமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான், போயாவில் வெள்ளை உடுப்போடு யாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். வேறு நாளில் போங்கள். காலுறை ஆளுக்கு இரண்டு சோடி வையுங்கள். மாமியின் ஒரு காலுறை மாளிகாவிலவில் எங்கேயோ கிடக்கிறது, இவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.