ஓடும்போதே நின்று, மறுபடி கிளம்பாத பெட்ரோல் கார்: காரணத்தைக் கண்டறியும் முறை

சென்ற மே மாதம் திண்டிவனத்தைத் தாண்டியதும் என் பழைய பெட்ரோல் கார் திடீரென்று அணைந்தது. அரை மணி நேரம் கழித்து, எதுவுமே நடவாததுபோல் ஒரே செல்ஃபில் கிளம்பியது. பட்டறையில், டாங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பை மாற்றினார்கள். பணம்தான் போனது, கோளாறு போகவில்லை. எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன் கீழ்க்காணும் வரிசையில் சோதித்திருந்தால் அச்செலவைத் தவிர்த்திருக்கலாம்.

படி 1: ஓரங்கட்டுதல். என்ஜின் அணைந்ததும் ஸ்டீயரிங் கனத்துப்போகும். பிரேக்கிலும் இரண்டு மூன்று மிதிகளுக்குப் போதுமான வெற்றிட உதவியே மிஞ்சியிருக்கும் என்பதால், விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

படி 2: எப்படி நின்றது என்பதை நினைவுகூர்தல். விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றிருந்தால் மின்சாரம் அல்லது சென்சார் மீது சந்தேகம் கொள்ளலாம். திக்கித் திணறி, இழுவை குறைந்து நின்றிருந்தால் பெட்ரோல் வரத்தைப் பார்க்க வேண்டும். முன்னதாகவே பேட்டரி விளக்கு எரிந்து, மற்ற விளக்குகளும் மங்கியிருந்தால் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள். தேங்கிய மழைநீரில் நின்றிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டனுடன் இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

படி 3: செல்ஃப் அடித்துக் காது கொடுத்தல். முழு சோதனையிலும் அதிகம் சொல்லித்தருவது இந்தப் படிதான். ‘டக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் பேட்டரி டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்த டெர்மினலும் வெண்பூஞ்சை போன்ற படிவும் அடிக்கடி காணப்படுபவை. மல்டிமீட்டர் இருந்தால், நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் வழக்கமான தாளத்தில் சுழன்றும் பற்றவில்லையென்றால் அடுத்த படிக்குச் செல்லலாம். ஆனால் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் ‘விர்’ரென்று சுழன்றால் என்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும்; உடனே நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள். எந்நிலையிலும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்க வேண்டாம்.

படி 4: பெட்ரோல் வருகிறதா? டாங்க் முள் சிக்கிக்கொண்டு பொய் சொல்வதும் உண்டு என்பதால், கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான கார்களில் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும்; அதுவே பம்ப் ஓடும் ஒலி. கேட்காவிட்டால், சாவியை அணைத்துவிட்டு பம்ப்புக்கான பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பம்ப் ரிலேயின் இடத்தில் மாற்றிப் பொருத்தலாம். புதிதாகப் போட்ட பியூஸும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆம்பியர் பியூஸைப் போடுவது தீயை வரவழைப்பதற்குச் சமம்.

படி 5: மீட்டர் போர்டைக் கவனித்தல். சாவிச் சின்னம் விடாமல் மின்னினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியால் முயலுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) முள் பல கார்களில் சற்றே எழும். துளியும் அசையாமலிருந்தால், என்ஜின் சுழல்வதை உணர்ந்து காரின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வலுக்கிறது. எல்லா கார்களிலும் அப்படி எழாது என்பதால், இது தடயம் மட்டுமே. சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறுவது இந்த சென்சாரின் பழகிய குணம்.

படி 6: ஸ்கேனர். 1996 மாடல் கார்கள் முதல் அமெரிக்காவில் கட்டாயமாகி, இன்று இந்தியக் கார்களிலும் இருக்கும் 16 முனை ஓபிடி (காரே தன் கோளாறைக் கண்டறியும் அமைப்பு) சாக்கெட் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். கைபேசியுடன் இணையும் மலிவான ஸ்கேனரே அதில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படித்துவிடும். என் காரில் பி0335 (P0335) வந்தது. இந்தக் குறியீடு கிராங்க் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கிறதேயன்றி, சென்சார் கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிப்பதில்லை. ஆகவே புதிய சென்சார் வாங்குமுன் கனெக்டரைக் கழற்றி வயரைப் பாருங்கள். என் காரில் என்ஜின் சூட்டில் பொரிந்துபோயிருந்த வயருறை, விரல் பட்டதும் அப்பளம்போல் உதிர்ந்தது. அந்த ஒரு சாண் வயரை மாற்றிய பிறகு கார் வழியில் நிற்கவில்லை.