சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: வன்னி வீட்டார் எதை முதலில் கவனிப்பது?

வன்னியில் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தால் கிணற்றுத் தண்ணீரையும் வயலுக்கு அடிக்கும் மருந்தையுமே முதலில் குறை சொல்வோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்த வரிசையை மாற்றி, வீட்டில் யார் புகைக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்நோயில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைத்தலே காரணம். புகையிலுள்ள அரோமற்றிக் அமைன் என்னும் நச்சுகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சலம் கழிக்கும்வரை மணிக்கணக்காகப் பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சுருட்டும் பீடியும் இதற்கு விலக்கல்ல. எண்ணிக்கையைக் குறைப்பதோடு நின்றுவிடாமல் முற்றாக விட்டுவிடுங்கள். எந்த வயதில் விட்டாலும் ஆபத்து ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும்.

அடுத்தது தொழில். சாயத் தொழிலாளரிடம் இந்நோய் காணப்படுவதை 1895இல் ஜேர்மனிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் அறிவித்தார். சாயம், இறப்பர், தோல் தொழில்களோடு பெயின்ற் வேலையும் இன்று இந்தப் பட்டியலில் உண்டு. கராச்சில் வாகனத்துக்குப் பெயின்ற் விசிறும் இளைஞர் முகத்தில் கட்டும் லேஞ்சி, தின்னரின் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் கையுறையும் காற்றோட்டமான இடமும் வேண்டும். கையைத் தின்னரால் துடைக்காமல் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

தண்ணீரில் அஞ்சவேண்டியது ஆசனிக் என்னும் நச்சு. கல்நீரும் சவரும் இந்நோய்க்குக் காரணமல்ல. வவுனியாப் பக்கம் பேசப்படும் சிறுநீரக நோயும் வேறு. உலக சுகாதார நிறுவனம் ஆசனிக்குக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். நாக்கால் அதை அறியமுடியாது, கொதிக்கவைத்தாலும் அகலாது. ஆய்வுகூடப் பரிசோதனையே வழி.

நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்காகச் சலக்குழாயோடு வாழ்பவர்களுக்கு, ஓயாத கிருமித்தொற்றும் கற்களும் பையின் உட்தோலை அரித்து, அரிதாகவேனும் புற்றுநோய்க்கு வழிவிடலாம். குழாயைக் குறித்த நாளில் மாற்றுங்கள். சலம் சேரும் பையை இடுப்புக்குக் கீழே, நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். கழற்றிய குழாயின் நுனியில் மணல்போலப் படிவு இருந்தால் அதை மருத்துவருக்குக் காட்டுங்கள். நிரந்தரக் குழாய்க்குப் பதிலாக வேளைக்கு வேளை செருகி எடுக்கும் முறை பொருந்துமா என்றும் கேளுங்கள். இவர்களின் சலத்தில் தெரியும் இரத்தத்தை, குழாய் உரசியது என்று எளிதாகத் தள்ளிவிடுவதே வழமை, அது தவறு.

நாட்டு மருந்தில் சேரும் ஈச்சுரமூலியில் சிறுநீரகத்தைக் கெடுத்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றை உண்டாக்கும் அமிலம் உள்ளதால் அதைத் தவிருங்கள். இந்நோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பயோகிளிற்றசோன் மாத்திரையை நீரிழிவுக்கு எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

வலியே இல்லாமல் சலம் ஒருமுறை சிவந்து போனாலும் போதும், மருத்துவமனைக்குப் போங்கள். சூடு என்று இளநீர் குடிப்பதும், மறுநாள் தெளிந்துவிட்டதால் மறந்துவிடுவதும், பெண்களுக்குச் சலக்கடுப்பென்று பரிசோதிக்காமலே திரும்பத் திரும்ப மாத்திரை கொடுப்பதுமே மாதங்களை வீணாக்குகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட மருத்துவமனைகளில் முதற் பரிசோதனையைத் தொடங்கலாம். தேவையானால் பைக்குள் கருவி செலுத்திப் பார்ப்பதற்கு மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எத்தனை ஆண்டு புகைத்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.