கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பன்றி அறுக்கிறவர்களுக்கு

வத்தலகுண்டு பக்கம் எங்கள் ஊரில் டிசம்பர் 23-ஆம் தேதி விடிகாலையில் பன்றி அறுப்போம். தாத்தா காலத்தில் கறுப்பு நாட்டுப்பன்றி. இப்போது நான் கொட்டகையில் கட்டி வளர்க்கும் வெண்பன்றி. சித்தப்பாவிடம் கற்றுக்கொண்டு பதினான்கு வருடமாக நானே கத்தி பிடிக்கிறேன். பன்றி பயப்படாமல் சாக வேண்டும், கறி தின்கிறவனுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது. இந்த இரண்டுக்காகத்தான் கீழே சொல்கிற அத்தனையும்.

முதலில் ஒன்று. இது சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் பகிர்ந்து தின்பதற்கான முறை. விற்பதற்கு அறுப்பதென்றால் உரிமம் உள்ள அறுப்புக்கூடமும் கால்நடை மருத்துவரின் சோதனையும் வேண்டும். வீட்டுக்கு என்றாலும் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காட்டுப்பன்றி பக்கம் போகவே போகாதீர்கள். அதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ஆறிலிருந்து எட்டு மாதத்துப் பன்றி, 80-லிருந்து 90 கிலோ, இதுதான் வீட்டில் கையாளத் தோதானது. அதற்கு மேல் போனால் நான்கு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது, கொழுப்பும் ஏறிவிடும். பெட்டை அல்லது குட்டியிலேயே காயடித்த ஆணாக இருக்கட்டும். காயடிக்காத ஆண் கறியில், சட்டியில் போட்டதும் மூத்திரக் கவிச்சி எழும்பும். எந்த மசாலாவாலும் அது போகாது. கடைசியாக ஊசியோ பூச்சி மருந்தோ போட்ட தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு எத்தனை நாள் விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீனி எடுக்காமல் கிடக்கிற பன்றி, காய்ச்சல் உள்ள பன்றி, காதிலும் வயிற்றிலும் செந்நீலமாகத் திட்டு விழுந்த பன்றி, இவற்றின் மேல் கத்தி வைக்காதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். மனிதனுக்கு அது தொற்றாது. ஆனால் ரத்தம் பட்ட செருப்பு வழியாகவே அடுத்த கொட்டகை முழுவதையும் காலி செய்துவிடும். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

முந்தின நாள் மதியத்தோடு தீனியை நிறுத்திவிடுவேன். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கும். குடல் காலியாக இருந்தால்தான் மறுநாள் வயிற்றைத் திறக்கும்போது கை நடுங்காது. சாமான்களை ராத்திரியே எடுத்து வைத்துவிட வேண்டும்: சாணை பிடித்த குத்துக்கத்தி இரண்டு, வெட்டுக்கத்தி ஒன்று, எலும்பு அறுக்க ரம்பம், புளியமரக் கட்டை, சணல் சாக்கு நான்கு, கெட்டி நூல், விளிம்பு மழுங்காத எவர்சில்வர் டம்ளர் மூன்று, உப்பு, மஞ்சள்தூள், கையுறை. மீன் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டி நான்கும் ஐஸும் சொல்லி வைப்பேன். கையில் காயம் உள்ளவர்களை ரத்தத்தின் பக்கம் விடாதீர்கள். பன்றி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

இப்போது கடினமான இடம். வாயைக் கட்டி, நான்கு பேர் அழுத்திப் பிடித்து, கத்தக் கத்தக் குத்துவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்படிச் செய்யவே கூடாது. பாவம் என்பது ஒரு பக்கம். பயந்து முண்டிய பன்றியின் கறி வெளிறிப்போய், தொளதொளவென்று, சட்டியில் தண்ணீர் விடும் என்பது இன்னொரு பக்கம். எங்கள் வீட்டில் தினமும் தீனி வைக்கிற ஆள்தான் அதைக் கூட்டிக்கொண்டு வருவார். கையில் தவிட்டு வாளி இருக்கும். அதுவாக நடந்து வரும். சிறுபிள்ளைகளும் நாயும் அங்கே இருக்கக் கூடாது. பன்றி வாளிக்குள் முகத்தை வைத்ததும், கோடாரியின் பின்புறத்தால் நெற்றியில் ஒரே அடி. இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவிலிருந்து ஓர் அங்குலம் மேலே, அதுதான் இடம். அனுபவப்பட்ட கை மட்டுமே இதைச் செய்ய வேண்டும். நான் முதல் ஐந்து வருடம் சித்தப்பா அடிக்க வாளிதான் பிடித்தேன். அப்படி ஓர் ஆள் கிடைக்காவிட்டால் அறுப்புக்கூடத்துக்கே கொண்டு போங்கள்.

விழுந்ததும் பதினைந்து விநாடிக்குள் ரத்தம் விட வேண்டும். கழுத்து முடிந்து நெஞ்செலும்பு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். அங்கே கத்தியை வைத்து வாலைப் பார்த்து உள்ளே செலுத்தினால் இதயத்துக்கு மேலே உள்ள பெரிய குழாய்கள் அறுபடும். ரத்தம் கொட்ட வேண்டும், சொட்டக் கூடாது. பொரியலுக்கு ரத்தம் வேண்டுமென்றால் உப்பு போட்ட பாத்திரத்தில் பிடித்துக் கையால் கலக்கிக்கொண்டே இருங்கள், உறையாது. கால் உதைப்பது சற்று நேரம் இருக்கும், அது நரம்பின் வேலை. கண்ணைத் தொட்டால் இமை அசையக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் வெந்நீர்.

வெந்நீர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். தனியாகச் செய்த முதல் வருடம், சூடு அதிகமாக இருந்தால் முடி சீக்கிரம் வரும் என்று நினைத்து, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். தோல் வெந்து முடியை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. சவர பிளேடு வாங்கி வந்து மதியம் வரை உட்கார்ந்து மழித்தோம். வெயில் ஏறிவிட்டது, கறிக்கு அது நல்லதல்ல. தண்ணீர் 60-லிருந்து 65 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்கள் கணக்கு, கொதிநீர் மூன்று குடத்துக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டு குடம். கலக்கும்போது 70 டிகிரி கிட்டே இருக்கும், ஊற்றும்போது சரியான சூட்டுக்கு இறங்கிவிடும். பன்றியைத் தார்ப்பாயில் சாய்த்துப் படுக்க வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, சாக்கின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். சூடு தங்கும். மூன்று நான்கு நிமிடம் கழித்துக் காதுப்பக்கத்தில் ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உடனே சுரண்டத் தொடங்கிவிடலாம்.

சுரண்டுவதற்கு டம்ளரைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து விளிம்பால் வழித்தால் முடியும் மேல்தோல் அழுக்கும் சேர்ந்து உருண்டு வரும். கத்தி மாதிரித் தோலைக் கீறாது. சூடு ஆறுவதற்குள் குளம்பைக் குறடால் திருகினால் மூடி கழல்வது போல வந்துவிடும். முடி போன பிறகு காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி மேலோட்டமாக வாட்டுவோம். மிச்சமுள்ள பூனைமுடி கருகிவிடும், தோலுக்கு ஒரு மணமும் ஏறும். நாட்டுப்பன்றி என்றால் வெந்நீரே வேண்டாம், வைக்கோல் போட்டு வாட்டிச் சுரண்டினாலே போதும். எனக்கு அந்த வாசம்தான் இன்னும் பிடிக்கும். கடைசியில் மஞ்சள் பூசித் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சந்தன நிறத்துக்கு வர வேண்டும்.

பின்னங்காலில் குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவில் கீறி, ஒரு கட்டையை நுகத்தடி போலக் கோத்து, வேப்பமரக் கிளையில் கப்பி போட்டுத் தலைகீழாகத் தூக்குகிறோம். தலை தரையில் படக் கூடாது. முதலில் ஆசனவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, வெளியே இழுத்து, நூலால் இறுகக் கட்டுங்கள். இந்த ஒரு முடிச்சைப் போடாமல் வயிற்றைத் திறந்தவர்கள் கறியெல்லாம் சாணியாக்கியிருக்கிறார்கள். வயிற்றைக் கிழிக்கும்போது கத்தியின் கூர் உங்களைப் பார்க்கட்டும், குடலைப் பார்க்க வேண்டாம். தொடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவு சின்ன ஓட்டை போட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, குடலை உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலுக்கும் நடுவில் கத்தியை வைத்து நெஞ்செலும்பு வரை இறங்குங்கள். விரல் முன்னே போகும், கத்தி பின்னே வரும். வயிறு திறந்ததும் குடல் தானாகச் சரியும். ஒருவர் அன்னக்கூடையில் வாழையிலை விரித்து ஏந்திக்கொள்ள வேண்டும். மூத்திரப்பையைக் கழுத்தில் கிள்ளிப் பிடித்து அறுங்கள். ஈரலில் ஒட்டியிருக்கிற பித்தப்பையை, ஈரலில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று தள்ளி அறுத்து எடுங்கள். உடைந்து பச்சை நீர் பட்டுவிட்டால் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியதுதான். எவ்வளவு கழுவினாலும் கசப்பு போகாது. அப்புறம் நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுத்து இதயம், நுரையீரல், உணவுக்குழாய் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துவிடலாம்.

இங்கே எல்லோரையும் நிறுத்திவிடுவேன். வெளிச்சம் வரட்டும். ஈரல் வறுவலுக்கு அடுப்பு பற்ற வைத்திருப்பார்கள், அக்கா இரண்டு தடவை குரல் கொடுத்திருப்பார். இருந்தாலும் பார்க்காமல் கொடுக்க மாட்டேன். நாக்கின் அடிப்பக்கம், இதயத்தைப் பிளந்து அதன் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சவ்வுத் தசை, முன்சப்பையில் ஓர் ஆழமான கீறல், தொடையின் உள்பக்கம். வேகவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடிக் கட்டி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, இப்படி ஏதாவது கறிக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். அது நாடாப்புழுவின் குஞ்சுப் பை. ஒன்று கண்டாலும் மொத்தப் பன்றியும் குழிக்குத்தான், நாய்க்குக்கூடப் போடக் கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் கறியை நன்றாக வேக வைத்துத்தான் தின்ன வேண்டும். கண்ணுக்குத் தப்புவதும் உண்டு.

பன்றிக்கறி தின்றால் புழு மூளைக்கு ஏறும் என்று பலரும் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். வேகாத கறியில் அந்தப் பை இருந்தால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போய் வலிப்பு வரவைப்பது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வெளிவருகிற குஞ்சு. அந்த முட்டை, புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து அழுக்குக் கை, தண்ணீர், கழுவாத கீரை வழியாக வருகிறது. பன்றிக்கும் மனித மலத்திலிருந்துதான் வருகிறது. கறியே தொடாதவருக்கும் மூளையில் கட்டி வருவது இதனால்தான். பன்றியைத் தெருவில் மேய விடாமல் கொட்டகையில் வளர்ப்பதும், வீட்டில் எல்லோரும் கழிப்பறைக்குப் போவதும் போதும், இந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஈரலில் பால் தெளித்தது போல வெள்ளைத் திட்டு இருந்தால் அது வேறு, குடற்புழு ஊர்ந்துபோன தடம். அந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தலையை எடுத்துவிட்டு முதுகெலும்பின் நடுவே ரம்பம் போட்டு இரண்டாகப் பிளக்கிறோம். மார்கழிப் பனி இருக்கிற வரை காற்றில் தொங்கட்டும். ஏழு மணி ஆனதும் இறக்கிவிடுவோம். அதற்கு மேல் ஈ வரும். தொடைச்சப்பை, முன்சப்பை, முதுகு, விலா, வயிற்றுப்பக்கத்து வார், இப்படிப் பெரிய துண்டாகவே பிரித்துத் தெர்மாகோல் பெட்டியில் ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு கறி என்று வையுங்கள். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு விடுங்கள். உருகின தண்ணீரில் கறி ஊறக் கூடாது. சூடான கறியைப் பாலிதீன் பையில் அமுக்கி ஃபிரிட்ஜில் திணிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. வெளியே ஜில்லென்று இருக்கும், எலும்பை ஒட்டி உள்ளே புளித்துப் போயிருக்கும். ஈரல், ரத்தம், குடல் மூன்றும் அன்றைக்கே தின்பதற்கு. மிச்சக் கறி ஒரு ராத்திரி ஐஸில் கிடந்தால் விறைப்பு விட்டு மெதுவாகும். சின்னத் துண்டு போடுவதும் கூறு வைப்பதும் மறுநாள், 24-ஆம் தேதி காலையில்.

போன வருடம் 88 கிலோ பன்றியில் தலை, கால் எல்லாம் சேர்த்து 63 கிலோ வந்தது. கூறு போடும்போது ஒவ்வொரு கூறிலும் சப்பை, விலா, வார் மூன்றும் விழ வேண்டும். தோலோடு கூடிய வார்தான் குழம்புக்கு உயிர் என்பதால் அதற்குத்தான் சண்டை வரும். முதலில் அதை எண்ணி வைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். உப்புக்கண்டம் போட நினைக்கிறவர்கள் தொடையில் கொழுப்பில்லாத சிவப்புக் கறியை மட்டும் எடுங்கள். கொழுப்பு காய்ந்தால் காறல் வாடை அடிக்கும். சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற வெள்ளைக் கொழுப்பைச் சின்னதாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் உருக்கி வடிகட்டினால் உறைந்த நெய் மாதிரி இருக்கும். வறுவலுக்கு அதுவே போதும், எண்ணெய் வேண்டாம்.

கழிவை வாய்க்காலில் விடாதீர்கள். கிணற்றிலிருந்து தள்ளி நான்கடிக் குழி வெட்டி, குடல் கழிவு, முடி, குளம்பு எல்லாவற்றையும் போட்டு, சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதபடி மேலே கல் வையுங்கள். கறி கழுவின தண்ணீரும் எலும்பும் கொட்டகையில் இருக்கிற மற்றப் பன்றிகளுக்குப் போகக் கூடாது, காய்ச்சல் பரவுகிற வழிகளில் அதுவும் ஒன்று. கத்தியையும் கட்டையையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, கட்டையின் மேல் உப்பைப் பரப்பி வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, நான் குளிக்கப் போகும்போது பத்து மணி ஆகியிருக்கும்.