கல்லூரி நட்சத்திரம் 53-க்குள் வருவாரா? என்.எஃப்.எல். ட்ரெய்னிங் கேம்ப்பைக் கணிக்கும் வழி

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போய், படிப்பு முடிந்த பிறகும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியை விடமுடியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். சனிக்கிழமைதோறும் கத்தி ஆதரித்த வீரர், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழாவது சுற்றில் போவார், அல்லது யாரும் எடுக்காமல் தனி ஒப்பந்தத்தில் ஏதோ ஓர் அணியில் சேருவார். ஜூலைக் கடைசியில் கேம்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் இருக்குமா என்பதை ஹைலைட் வீடியோக்கள் சொல்லாது. காலி இடங்களை எண்ணத் தெரிந்தால் ஓரளவு நாமே சொல்லிவிடலாம்.

முதலில் இடங்களை எண்ணுங்கள்

ஒவ்வொரு அணியும் கேம்ப்புக்கு 90 பேரை அழைத்துவரலாம். சீசனுக்கு 53 பேர். முன்பெல்லாம் 85, 80 என்று படிப்படியாகக் குறைப்பார்கள். 2023 முதல் 90-லிருந்து 53-க்கு ஒரே வெட்டு. அணிக்கு 37 பேர் வீதம் 32 அணிகளுக்கு 1,184 பேர். இவர்களில் சிலர் காயப் பட்டியலுக்குப் போவார்கள், மற்றவர்கள் பெட்டியைக் கட்டுவார்கள்.

அந்த 53 இடங்களும் இஷ்டம்போல் பிரிக்கப்படுவதில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இரண்டோ மூன்றோ. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், ஃபுல்பேக்கையும் சேர்த்து, மூன்று அல்லது நான்கு. எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் ஐந்து அல்லது ஆறு, டைட் எண்ட் மூன்று அல்லது நான்கு, ஆஃபென்சிவ் லைனில் ஒன்பதை ஒட்டி. எதிர்ப்பக்கம், அதாவது தடுப்பு ஆட்டத்தில், டிஃபென்சிவ் லைனும் எட்ஜும் சேர்ந்து ஒன்பது, பத்து. லைன்பேக்கர் ஐந்து வாக்கில். கார்னர்பேக் ஐந்து அல்லது ஆறு. சேஃப்டி நான்கு அல்லது ஐந்து. கிக்கர், பன்டர், லாங் ஸ்னாப்பர் தலா ஒன்று. அணிக்கு அணி ஒன்றிரண்டு மாறும், அவ்வளவுதான்.

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீரரின் இடத்தில் ஆடும் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். தொடக்க ஆட்டக்காரர்களை அடியுங்கள். கடந்த இரண்டு டிராஃப்டுகளில் முதல் மூன்று சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களையும் அடியுங்கள். அவர்களை வெட்டினால் மேனேஜருக்கு அவமானம், கொடுத்த போனஸும் சம்பள உச்சவரம்பில் செத்த பணமாகக் கிடக்கும். ஒரு கேம்ப்பில் 11 ரிசீவர்கள் என்று வையுங்கள். நான்கு பேர் உறுதி. ஆறு பேரை வைத்துக்கொண்டாலும் மிச்சம் இரண்டு இடம், போட்டியாளர்கள் ஏழு பேர். அந்த ஏழில் ஒருவர் இந்த வருடத்து ஐந்தாம் சுற்று ஆள் என்றால் உண்மையான போட்டி ஓர் இடத்துக்கு ஆறு பேர். இந்தக் கணக்கைப் போடாமல் "நம்ம ஆள் கேம்ப்பில் கலக்குகிறார்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

டிராஃப்டில் எடுக்கப்படாதவர் என்றால் ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். இவர்களுக்கு அணி கொடுக்கும் மொத்த சைனிங் போனஸுக்கு லீக் வரம்பு வைத்திருக்கிறது. அதனால் உண்மையிலேயே பிடித்துப்போன ஆளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை உத்தரவாதமாகத் தருவார்கள். 53-க்கு வெளியே பயிற்சிக்காக அணி வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் 2025-இன் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 13,000 டாலர். 18 வாரத்துக்கு 2,34,000. ஓர் ஆளுக்கு அந்த அளவு உத்தரவாதம் கிடைத்திருந்தால், 53-க்குள் வராவிட்டாலும் பிராக்டிஸ் ஸ்குவாடில் வைத்திருக்கும் எண்ணம் அணிக்கு இருக்கிறது என்று பொருள். ஐயாயிரம், பத்தாயிரம் டாலர் என்றால் கேம்ப்பில் ஆள் எண்ணிக்கைக்கு எடுத்திருக்கிறார்கள்.

கடைசி இடங்களைத் தீர்மானிப்பது ஸ்பெஷல் டீம்ஸ்

பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழுக்களான ஸ்பெஷல் டீம்ஸைத்தான் பெரும்பாலான ரசிகர்கள் தவறவிடுகிறார்கள். 53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி 48 பேருக்குத்தான், அதுவும் அவர்களில் எட்டுப் பேர் ஆஃபென்சிவ் லைன்மேன்களாக இருந்தால். இல்லையேல் 47. ஐந்தாவது ரிசீவருக்கோ நான்காவது சேஃப்டிக்கோ ஆஃபென்ஸிலும் டிஃபென்ஸிலும் வேலை மிகக் குறைவு. அவர் கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கவோ புள்ளி எடுத்த பிறகோ உதைப்பது), கிக்காஃப் ரிட்டர்ன் (அந்தப் பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது), பன்ட் (பந்தை விட்டுக்கொடுத்து எதிரணிப் பக்கம் தொலைவாக உதைப்பது), பன்ட் ரிட்டர்ன் ஆகிய நான்கில் குறைந்தது மூன்றிலாவது ஆடவேண்டும். ஆடாதவருக்கு ஒரு சீருடையை வீணாக்க எந்தக் கோச்சும் தயாரில்லை.

கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பலர் கடைசி இரண்டு வருடம் ஸ்பெஷல் டீம்ஸ் பக்கமே போயிருக்கமாட்டார்கள். காயம் படக்கூடாது என்று கோச்சே ஒதுக்கி வைத்திருப்பார். போனவர்களுக்கும் விதி மாறுகிறது. கல்லூரி ஆட்டத்தில் பன்ட்டின்போது பந்து ஸ்னாப் ஆனதுமே (பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதுமே) எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடலாம். என்.எஃப்.எல்.-இல் இரு ஓரத்திலும் நிற்கும் இருவர் மட்டுமே ஓடலாம். மற்றவர்கள் பந்து உதைக்கப்படும் வரை கோட்டைத் தாண்டக்கூடாது. அந்த இருவர்தான் கன்னர்கள். அவர்களைத் தடுக்க எதிரணி சில சமயம் ஆளுக்கு இருவரை நிறுத்தும். ஒருவரை இருவர் பிடித்துத் தள்ளும்போதும் 40 கெஜம் ஓடிப்போய், ரிட்டர்ன் செய்பவர் பந்தைப் பிடிக்கும்போது எதிரில் நிற்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. ரிசீவரோ கார்னர்பேக்கோ கன்னராக ஆடமுடிந்தால் தாளில் அவர் பெயரை இரண்டு படி மேலே எழுதுங்கள்.

ஆடம் தீலன் இந்த வழியில் வந்தவர். மின்னசோட்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி. 2013-இல் யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. வைக்கிங்ஸ் அணி புதியவர்களுக்கு நடத்தும் ரூக்கி மினிகேம்ப்பில் ட்ரைஅவுட், அதாவது சோதனை வாய்ப்பு. அந்த சீசன் முழுதும் பிராக்டிஸ் ஸ்குவாட். 2014-இல் ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டக்காரராக அணிக்குள் நுழைந்து ஒரு பன்ட்டைத் தடுத்து டச்டவுனும் போட்டார். 2017, 2018 ப்ரோ பௌல்களுக்கு (லீக்கின் நட்சத்திர ஆட்டம்) தேர்வான ரிசீவராக உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

கிக்காஃபையும் புதுக்கண்ணோடு பார்க்கவேண்டும். 2024-இல் வந்த புதிய முறையில் உதைக்கும் அணியின் பத்துப் பேர் எதிரணியின் 40 கெஜக் கோட்டில் நிற்பார்கள். பந்து தரையைத் தொடும் வரை, அல்லது எதிரணி அதைத் தொடும் வரை நகரக்கூடாது. பந்து களத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் பறந்துபோய்விட்டால் எதிரணிக்கு 30 கெஜக் கோட்டிலிருந்து பந்து. 2025-இல் அதை 35 ஆக்கினார்கள். இவ்வளவு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராததால் ரிட்டர்ன்கள் பெருகிவிட்டன. ஓட்ட வேகத்தை நம்பிய பழைய கவரேஜ் ஆட்களைவிட, குறுகிய இடத்தில் தடுப்பை உதறிவிட்டுப் பிடிக்கும் லைன்பேக்கர், சேஃப்டி, டைட் எண்ட்களுக்கு இப்போது மதிப்பு. நல்ல ரிட்டர்ன் ஆட்டக்காரருக்கும் அப்படியே.

கேம்ப்புக்கு நேரில் போனால் ஸ்பெஷல் டீம்ஸ் பகுதி வரும்போது கூட்டம் தண்ணீர் வாங்கப் போய்விடும். நீங்கள் போகாதீர்கள். முதல் பன்ட் குழுவில் யார் நிற்கிறார், முதலில் பந்து பிடிக்கப் போவது யார், இரண்டாவது குழு எது என்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: 90 பேர் இருப்பதால் ஒரே எண்ணை இருவர் அணிந்திருப்பார்கள், ஒருவர் ஆஃபென்ஸ், ஒருவர் டிஃபென்ஸ். ஜெர்சி நிறத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் குறிப்பு குழம்பிப்போகும்.

கல்லூரிப் பழக்கம் எங்கே உதைக்கும்

ரன்னிங் பேக்கை ஓட்டத்தை வைத்து எடைபோடாதீர்கள். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் லைன்பேக்கரைத் தடுக்கிறாரா என்பதே கேள்வி. பாய்வது யார் என்று தவறாகக் கணித்துவிட்டால் பலமிருந்தும் பயனில்லை. ஒரு ஃபம்பிளும் (கையிலிருந்து பந்தைத் தவறவிடுவது) ஒரு தவறவிட்ட தடுப்பும் போதும், அடுத்த நாள் மூன்றாம் குழுவில் நிற்பார்.

ரிசீவருக்குக் கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் போதும்; இங்கே இரண்டும் படவேண்டும். ஓரக்கோட்டில் பிடித்த அருமையான பந்துகள் செல்லாமல் போவதைக் கேம்ப்பின் முதல் வாரத்தில் நிறையப் பார்க்கலாம்.

ஆஃபென்சிவ் லைன்மேனுக்கு, பந்து எறியப்படும் முன் முன்னே போகக்கூடிய தூரம் கல்லூரியில் மூன்று கெஜம், இங்கே ஒன்று. ஓட்டமா, வீச்சா என்று கடைசி நொடியில் முடிவாகும் ஆட்டமுறையில் பழகியவர்கள் நடுவரின் கொடி, அதாவது தண்டனை, வாங்கியே தீர்வார்கள். இன்னொன்று: ஏழாவது, எட்டாவது லைன்மேன் இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்தவராக இருக்கவேண்டும். கல்லூரியில் நான்கு வருடமும் இடது டாக்கிளாகவே ஆடியவரைக் கார்டாகவோ சென்டராகவோ பயிற்சியில் நிறுத்தினால் கவலைப்படாதீர்கள். வாய்ப்புக் கூடுகிறது என்று பொருள். ஒரே இடத்தில், மூன்றாம் குழுவிலேயே வைத்திருந்தால்தான் கவலை.

கிக்கர், பன்டர் விஷயம் எளிது. ஓர் இடம், இரண்டு பேர், ஒவ்வொரு உதையையும் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்திகளை வடிகட்டுவது

முதல் சில நாட்கள் உடம்பில் பாதுகாப்புப் பேட் இல்லாமல் ஹெல்மெட், ஷார்ட்ஸோடு நடக்கும். அப்போது ரிசீவர்களும் கார்னர்களும் ஜொலிப்பார்கள். லைன்மேன்களைப் பற்றி அந்த நாட்களில் வரும் எந்தச் செய்தியையும் பொருட்படுத்த வேண்டாம். முதல் ப்ரீசீசன் ஆட்டத்துக்கு முன் வெளியாகும் "அதிகாரபூர்வமற்ற" டெப்த் சார்ட்டும் (ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதல், யார் அடுத்து என்ற பட்டியல்) அப்படியே. புதியவர்களைக் கடைசியில் போடுவது மரபு. கோச் பேட்டியில் புகழ்வதும் செலவில்லாத காரியம்.

நம்பத்தக்கது மூன்று. ஒன்று, எந்தக் குழுவோடு ஆடுகிறார் என்பது. இரண்டாவது, வேறோர் அணியோடு சேர்ந்து நடத்தும் கூட்டுப் பயிற்சி. முக்கிய ஆட்டக்காரர்கள் ப்ரீசீசன் ஆட்டத்தைவிட இதில் அதிகம் ஆடுவதால் கோச்சுகள் இதற்கு எடை கொடுக்கிறார்கள். மூன்றாவது, ஸ்னாப் கணக்கு. ஆட்டம் முடிந்ததும் லீக் வெளியிடும் கேம்புக்கில் ஆஃபென்ஸ், டிஃபென்ஸ், ஸ்பெஷல் டீம்ஸ் மூன்றிலும் ஒவ்வொருவரும் ஆடிய ஸ்னாப்களும் சதவீதமும் இருக்கும்.

ப்ரீசீசனில் அணிக்கு மூன்று ஆட்டங்கள். உங்கள் வீரர் முதல் ஆட்டத்தில் நான்காம் கால்பகுதியில் ஆடி, இரண்டாவதில் முதல் பாதிக்குள் வந்துவிட்டால் ஏறுமுகம். மூன்றாவது ஆட்டத்தில் அவரை உட்காரவைத்தால் மகிழுங்கள். இடம் உறுதியானவரைக் காயப்படுத்த யாரும் விரும்பமாட்டார்கள். அதே ஆட்டத்தில் கடைசி விசில் வரை 60 ஸ்னாப் ஆடினால், 120 கெஜம் ஓடியிருந்தாலும், வெட்டுப் பட்டியலில் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எதிரில் ஆடுபவர்களும் மறுநாள் வேலை இழக்கப்போகிறவர்கள்தான்.

காயம் பட்டால்

நான்கு சீசன் கணக்கு முடிக்காதவர் கேம்ப்பில் காயப்பட்டு விடுவிக்கப்பட்டால் "வேவ்ட்/இஞ்சர்டு" என்று செய்தி வரும். வேறு அணி எடுக்காவிட்டால் அவர் பழைய அணியின் காயப் பட்டியலுக்கே திரும்புவார். பெரும்பாலும் ஒரு தொகை பேசி முடித்து அனுப்பிவிடுவார்கள். வெட்டு நாளுக்கு முன்பே காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர் அந்த சீசனில் அந்த அணிக்குத் திரும்ப முடியாது. 2024 முதல், வெட்டு நாளன்று அந்தப் பட்டியலுக்குப் போகும் இருவரை மட்டும் திரும்பி வரக்கூடியவர்களாகக் குறிக்கலாம். கேம்ப் தொடங்கும்போதே, உடல்நிலை காரணமாக ஆட முடியாதவர்களுக்கான பி.யு.பி. பட்டியலில் இருந்து, வெட்டு நாளிலும் அதிலேயே இருப்பவர் முதல் நான்கு ஆட்டங்களுக்காவது இல்லை.

வெட்டு நாளும் அடுத்த நாளும்

2025-இல் ஆகஸ்ட் 26, கிழக்கு நேரம் மாலை 4 மணி கெடு. சென்னையில் அப்போது பின்னிரவு 1.30. வெட்டப்பட்ட இளம் வீரர்கள் எல்லோரும் வேவர் வழியாகப் போகவேண்டும். மறுநாள் கிழக்கு நேரம் நண்பகல் 12 வரை, அதாவது நமக்கு இரவு 9.30 வரை, மற்ற அணிகள் கேட்கலாம். சென்ற சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. கேட்டு எடுக்கும் அணி அவரைத் தன் 53-இல்தான் வைக்கவேண்டும். அதனால் வேவரில் எடுக்கப்படுவது பிராக்டிஸ் ஸ்குவாடைவிடப் பெரிய வெற்றி. இந்த பயத்தால்தான் அணிகள் சில இளைஞர்களை விடத் தயங்குகின்றன. 2022-இல் டிராஃப்டின் கடைசித் தேர்வான, 262-வது ஆள் பிராக் பர்டியை வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள நேட் சட்ஃபெல்டை சான் ஃபிரான்சிஸ்கோ விடுவித்தது. அதே டிசம்பரில் பர்டி தொடக்க ஆட்டக்காரர்.

முதல் 53-இல் பெயர் வந்ததும் பட்டாசு வெடிக்காதீர்கள். நான்கு சீசன் முடித்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் வேவர் கிடையாது. அதனால் அணி ஒரு மூத்த வீரரிடம் பேசிவைத்து விடுவிக்கும். காயப்பட்ட ஒருவரை ஒரு நாள் 53-இல் வைத்திருந்து மறுநாள் காயப் பட்டியலுக்கு மாற்றி, மூத்தவரைத் திரும்பக் கூப்பிடும். வேவரில் புதியவர்களை எடுத்தாலும் யாரோ வெளியேறவேண்டும். 52-வது, 53-வது ஆள் வியாழக்கிழமை வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

யாரும் எடுக்காவிட்டால் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாட் இருக்கிறது. அதில் ஆறு இடங்களுக்கு அனுபவ வரம்பே இல்லை என்பதால் மூத்தவர்களும் வருவார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருவரை மேலே அழைக்கலாம். ஒருவரை ஒரு சீசனில் மூன்று முறை மட்டுமே. நான்காவது முறை வேண்டுமானால் 53-இல் ஒப்பந்தம் போடவேண்டும். ஆகவே உங்கள் வீரர் மூன்று முறை அழைக்கப்பட்ட வாரத்தில் செவ்வாய், புதன் செய்திகளைக் கவனியுங்கள். சம்பள வித்தியாசம் சிறிதல்ல: 2025-இல் புதியவரின் குறைந்தபட்சம் வருடத்துக்கு 8,40,000 டாலர், வாரத்துக்கு 46,000-க்கு மேல். வேறோர் அணியும் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து அவரைத் தன் 53-க்குக் கொத்திக்கொண்டு போகலாம். அப்படி எடுத்தால் குறைந்தது மூன்று வாரச் சம்பளம் கொடுத்தாகவேண்டும்.